எண்பத்தி நாலாவது பேக்கேஜ்

அந்த டேபிள் வேண்டாங்க சார், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க உக்காருங்க. மேட்டுப்பாளையம் பஸ்தானே? அது பத்தரை ஆயிரும். மேல போன வண்டி திரும்பி வரணும், இந்தப் பனியில டிரைவர் அண்ணன் லைட்டப் போட்டுட்டு நடந்து வர்ற மாதிரிதான் வருவாரு. இட்லி அடுத்த ஈடு வேகுது. அதுவரைக்கும் காபி குடிங்க.

ஒண்ணு கேக்கலாமுங்களா? உங்க பையில ஒட்டியிருக்கே, அந்தப் பென்குயின். அது நீங்க ஒட்டினதா, பை வாங்கும்போதே இருந்துச்சா?

நீங்களே ஒட்டினதா. சார், கையக் குடுங்க. கோத்தகிரியில இந்த லினக்ஸ் ஸ்டிக்கரைப் பாக்குறது எனக்கு ரெண்டாவது தடவை. மொதல்ல பாத்தது ஜோயல் லேப்டாப்ல. அவன் பேச்சு இப்ப வேண்டாம். அவன் எப்படியும் கதையில பின்னால வருவான்.

அந்தச் சத்தம் கேக்குதுங்களா? ம்ம்ம்ம்னு, சுவத்துக்கு அந்தப் பக்கம். கிரைண்டர்னு நெனச்சீங்களா? எல்லாரும் அதான் நெனைப்பாங்க. அது கம்ப்யூட்டர் சார். அது தலையில இருக்குற ஃபேன். பெண்டியம் த்ரீ. மெமரி எவ்வளவு தெரியுங்களா, இருநூத்தி அம்பத்தாறு. எம்பி. ஜிபி இல்லீங்க, எம்பி. உங்க ஃபோனுக்குக் காலைல பூ, சூரியன் எல்லாம் போட்டு ஒரு வணக்கம் வீடியோ வரும் பாருங்க, அதை நாலு சேத்துப் போட்டா இதுக்கு மூச்சு முட்டிரும். ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல அதைக் கோழிக்கூண்டுக்குப் படியாப் போட்டு வச்சிருந்தாங்க. தொறந்து பாத்தேன், உள்ள ரெண்டு எறகு. எடுத்துட்டு ஸ்விட்ச்சப் போட்டேன், எந்திரிச்சுது.

இன்னைக்கு அது எண்பத்தி நாலாவது பேக்கேஜ்ல இருக்கு. மொத்தமே எண்பத்தி நாலுதான். நீங்க சரியான நாள்ல வந்திருக்கீங்க.

என் பேரு மௌலி. மௌலீஸ்வரன். ஊரு திருப்பூரு. இது என்ற சித்தியோட மெஸ்ஸு, அம்மாவோட தங்கச்சி. வெளிய போர்டுல ரத்தினா மெஸ்னு பாத்தீங்கல்ல, அந்த ரத்தினா. நான் படிப்பு முடிச்சிட்டு சும்மா இருந்தேன்னு அப்பா சொல்லுவாரு. நான் சும்மா எங்க இருந்தேன்? வீட்டுல பழைய கம்ப்யூட்டர் மூணை ஒண்ணாச் சேத்து ஒண்ணு பண்ணிட்டிருந்தேன். அது ஓடல. அதுக்கு முன்னாடி மூணும் ஓடிட்டிருந்துச்சு, அதான் அப்பாவுக்குக் கோவம். சித்தி இங்க தனியாக் கஷ்டப்படறா, நீ போயி ஒத்தாசையா இருன்னு அனுப்பிட்டாரு.

ஒரு நிமிஷம் சார், அந்த அண்ணனுக்குச் சட்னி வச்சிட்டு வந்துடறேன்.

எங்க விட்டேன்? ஆங். பெங்களூர்ல ஒரு கம்பெனி. சின்னக் கம்பெனிதான், ஏழு பேரு. பழைய ஃபேக்டரிங்கள்ல பெரிய பெரிய மிஷினுக்குள்ள பழைய கம்ப்யூட்டர் உக்காந்திருக்கும், மிஷினைத் தூக்கிப் போட முடியாது, அதனால கம்ப்யூட்டரையும் தூக்கிப் போட முடியாது. அதுங்களுக்குச் சிஸ்டம் செஞ்சு குடுக்குறதுதான் அவங்க வேலை. சார், உலகத்துல எனக்குன்னு ஒரு கம்பெனி யாரோ கட்டி வச்சிருக்காங்க. நான் மெயில் போட்டேன். அந்த ஓனரே ஃபோன் பண்ணினாரு. அவரு சொன்னாரு, எல்லாரும் புது மிஷின்ல செஞ்சிட்டு வந்து பழசுல செஞ்சேன்னு கதை விடறானுங்க. நீ இருநூத்தி அம்பத்தாறு எம்பியில, மொத வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சுல முழு சிஸ்டத்தையும் கம்பைல் பண்ணி, நடந்ததை எல்லாம் அதுவே குறிச்சு வைக்குமே, அந்த லாக்கோட கொண்டு வா. நடுவுல எங்கயாச்சும் நிறுத்தி ஒட்டுப்போட்டது தெரிஞ்சா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். கொண்டு வந்தேன்னா அன்னைக்கே வேலை.

எங்கப்பாவும் ஒண்ணு சொன்னாரு. பொங்கல் வரைக்கும் பாப்பேன், வேலை கிடைக்கலைன்னா மாமாவோட பனியன் கம்பெனிக்கு வந்துரு, செக்கிங்ல பிசிறு வெட்டறதுக்கு ஆள் வேணுமாம். பொங்கலுக்கு இன்னும் ரெண்டே நாள் இருக்குங்க சார்.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். ரெடிமேடு லினக்ஸை ஏத்தறதுன்னா இருபது நிமிஷம். அது ஓட்டல் பார்சல் வாங்கிட்டு வந்து நான் சமைச்சேன்னு சொல்ற மாதிரி. எனக்கு அரிசியிலிருந்து வேணும். எண்பத்தி நாலு பேக்கேஜையும், புரோகிராம் எழுதினவங்க எழுதினபடியே எடுத்து, இந்த மிஷின்லயே அரைச்சு, இந்த மிஷினுக்கே ஊத்தணும். அரைக்கிறதுக்குப் பேருதான் கம்பைல், அரைக்கிற கல்லு கம்பைலர். அதுல மொத வேலை என்ன? கம்பைலரைக் கம்பைல் பண்ணணும். எதை வச்சு? கம்பைலரை வச்சுத்தான். வந்த கம்பைலரை வச்சு அதே கம்பைலரை மறுபடி. அதை வச்சு இன்னொருக்கா. ரெண்டாவது வந்ததும் மூணாவது வந்ததும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டுத்தான் அது நகரும். இதுக்கே இந்தப் பொட்டிக்கு நாலு நாள். நான் எத்தனையோ பேருகிட்ட இதை விளக்கிச் சொல்லியிருக்கேன் சார், எங்க காலேஜ் வாத்தியாருகிட்டக்கூட. அவரு கண்ணை மூடிட்டாரு. சித்தி கேட்டுட்டு உளுந்து களைஞ்சிட்டே சொன்னாங்க, "அதான் புது மாவுல பழைய மாவு ஒரு கரண்டி விடறமே, அந்தப் பழசுக்கு அதுக்கும் முந்தின பழசு." எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. நான் அசந்துட்டேன்.

மொத்தம் பதினஞ்சு நாள் ஓடணும். ராவும் பகலும். அடுக்களைக்குப் பின்னால மளிகை சாமான் வைக்கிற ரூம், அதுல இடம் குடுத்தாங்க. ஆரம்பத்துல சித்திக்கு அது ஒரு தொல்லைதான். கரன்ட் பில்லைப் பத்தி முணுமுணுப்பாங்க. இதுல என்ன கண்ணு வருதுன்னு கேட்டாங்க. இது முடிஞ்சா ஒரு கோடு வந்து மினுக்கு மினுக்குன்னு நிக்கும் சித்தின்னேன். அதுக்கு பதினஞ்சு நாளான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

அப்புறந்தான் சார் குளிர் வந்துச்சு.

நீங்க கீழ்நாட்டுக்காரங்க, உங்களுக்கு இது தெரியாது. இங்க ஐப்பசி தாண்டிட்டா இட்லி மாவு பொங்காது. காலைல பத்து மணிக்கு ஆட்டி வச்சாலும் மறுநாள் காலைல போட்டது போட்டபடி இருக்கும். அடுப்புப் பக்கத்துல வச்சா ஒரு பக்கம் வெந்து மறு பக்கம் தூங்கும். குண்டு பல்பு போட்டுப் பாத்திருக்காங்க, கம்பளி சுத்திப் பாத்திருக்காங்க, ஒரு வருஷம் வெந்நீர்ல எறக்கி வச்சு மாவு முழுக்கக் கஞ்சியாப் போச்சு. மூணு மாசம் வெறும் உப்புமாதான். மூணு மாசம் உப்புமா போட்டா எந்த மெஸ்ஸுக்கும் ஆள் வராதுங்க சார். சித்தி ஒவ்வொரு வருஷமும் தை முடியறதுக்குள்ள காதுல இருக்கிறதைக் கழட்டி அடகு வச்சிருவாங்கன்னு அம்மா சொல்லியிருக்கு.

இந்தக் கார்த்திகையில ஒரு நாள் சித்தி அரிசி எடுக்க அந்த ரூமுக்குள்ள வந்தாங்க. கம்ப்யூட்டருக்குப் பின்னால கையக் காட்டினாங்க. காட்டிட்டு அப்படியே நின்னாங்க. அந்த ஃபேன்ல இருந்து வெதுவெதுன்னு காத்து வருமில்ல. மேல டப்பா மானிட்டரு, அதுவும் சூடு. போயி மாவு அண்டாவைத் தூக்கிட்டு வந்து பின்னால வச்சு, ரெண்டையும் சேத்து ஒரு சாக்கப் போட்டு மூடிட்டாங்க. நான் பதறிட்டேன். சித்தி, அதுக்குக் காத்து வேணும்னேன். ஒரு பக்கம் மட்டும் தூக்கி விட்டாங்க.

மறுநாள் காலைல அண்டா பொங்கி மூடியத் தள்ளிடுச்சு சார். இட்லி, பஞ்சு. தொட்டா எந்திரிச்சு நிக்குது. கீழ நர்சுங்க ஹாஸ்டல் இருக்கு, அந்த வார்டன் மேடம் வந்து சாப்பிட்டுட்டு, குளிர்காலத்துல இப்படியான்னு கேட்டாங்க. மறுநாள்லருந்து தெனமும் நூத்தி அம்பது இட்லி ஆர்டர். ஆனா ஒரு கண்டிஷன், ஒரே ஒரு நாள் இட்லி கல்லு மாதிரி வந்தாலும் ஆர்டரு கட். சித்தி வாழ்க்கையில மொதமொறையா மார்கழியில ஆளு நிக்கிற மெஸ்ஸு. எல்லாம் நம்ம கம்பைல்னால. மெஸ்ஸுக்கு வர்றவங்க எல்லாம் என்னைப் பாத்து, தம்பி, உன் கம்ப்யூட்டரு பிரமாதம்னு சொல்லுவாங்க. திறந்த மூல மென்பொருளுக்கு இவ்வளவு ஆதரவு இந்த ஊர்ல இருக்கும்னு நான் எதிர்பார்க்கவே இல்ல.

இந்தாங்க இட்லி வந்திருச்சு. சூடா இருக்கும்போதே ஆரம்பிங்க. எப்படி? பாத்தீங்களா.

கேளுங்க. முதல் ஓட்டம் அம்பத்திரண்டாவது பேக்கேஜ்ல எரர் வந்து நின்னுடுச்சு. என் தப்புதான், ஒரு ஃபைல் விட்டுப்போச்சு. பொட்டி சும்மா நிக்குது, சூடு இல்ல. நான் சோகத்துல மூடி வச்சிட்டுப் படுத்துட்டேன். காலைல மாவு அப்படியே கெடக்கு. நர்சுங்களுக்குப் போனது இட்லி இல்ல சார், கல்லு. ஒரு நர்சம்மா அதைத் திருப்பி அனுப்பி, கூடவே சீட்டு எழுதி அனுப்பிச்சாங்க, எலும்பு முறிவு வார்டுல ஏற்கெனவே இடமில்லைன்னு. வார்டன் மேடம் வந்து, இது ஒரு தடவை, இன்னொரு தடவைன்னா பஸ் ஸ்டாண்டு கடைக்குக் குடுத்துருவேன்னுட்டாங்க. சித்தி அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. என்கிட்ட வந்து ஒண்ணுதான் கேட்டாங்க. "ஏன் கண்ணு நின்னுச்சு? நிக்காம ஓட்டறதுக்கு வழி இல்லியா?"

இருக்குது சித்தின்னேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்களா, ஒருத்தர் அக்கறையாக் கேக்குறாங்களேன்னு. உக்கார வச்சு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். கரன்ட் போயி நான் இல்லாத நேரத்துல ஏதாச்சும் ஆனா என்ன பண்றதுன்னு ஒரு சீட்டுல மூணு வரி எழுதி மானிட்டர்ல ஒட்டினேன். நிறுத்தணும்னா இந்த ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கணும். எல்லாத்தையும் துடைச்சு மறுபடி ஒண்ணுல இருந்து வரணும்னா, மேக் க்ளீன்னு அடிக்கணும். ஓட விடணும்னா வெறும் மேக். சித்தி அதை ரெண்டு தடவை வாய்விட்டுப் படிச்சாங்க. அப்ப துடைச்சுவிட்டா மறுபடி பதினஞ்சு நாள் ஓடுமான்னு கேட்டாங்க. ஆமா சித்தி, ஆனா அதைத் தப்பித்தவறி அடிச்சிராதீங்க, எல்லாம் போயிரும்னேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் கண்ணுன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

மறுபடி ஒண்ணுல இருந்து ஓட விட்டேன். அன்னைலருந்து சித்திக்கு அந்தப் பொட்டி மேல ஒரு பக்தி. தெனமும் சாயங்காலம் கேப்பாங்க, எத்தனை ஆச்சுன்னு. நாப்பது சித்தி. அறுபத்திமூணு சித்தி. கரன்ட் போனா மெஸ்ஸுல எல்லா லைட்டையும் அணைச்சிட்டு இன்வெர்ட்டரை அதுக்கு மட்டும் விடுவாங்க. கஸ்டமர் இருட்டுல சாம்பாரைத் தண்ணின்னு குடிச்சிருக்காங்க. எண்பது சித்தின்னு சொன்னா மட்டும் மொகம் ஒரு மாதிரி ஆகும். என்னைவிட அவங்களுக்குத்தான் டென்ஷன்.

அப்படி எண்பத்தி ஒண்ணு வந்துச்சு. பதினாலாவது நாள். தெனமும் எட்டரை மணிக்கு நான் ஹாஸ்டலுக்குப் போயி காலிப் பாத்திரத்தை வாங்கிட்டு வருவேன், முக்கா மணி நேரம் ஆகும். அன்னைக்கும் போயிட்டு வந்தேன். வந்து ஸ்கிரீனைப் பாத்தா, பேக்கேஜ் ஒண்ணு. எண்பத்தி நாலில் ஒண்ணு. லாக்ல பாத்தா, யாரோ நிறுத்தி, துடைச்சு, மறுபடி ஆரம்பிச்சு விட்டிருக்காங்க.

சார், நான் உக்காந்து அழுதேன். சித்தி முதுகைத் தடவி விட்டாங்க. போனாப் போவுது கண்ணு, பதினஞ்சு நாள்தானேன்னாங்க. தேங்காப்பால் ஆப்பம் சுட்டுக் குடுத்தாங்க, எனக்கு மட்டும்.

அடுத்த தடவை விடுவேனா? அந்த ரூமுக்குப் பூட்டு வாங்கினேன். சாவி ஒண்ணே ஒண்ணு. சித்திகிட்டக் குடுத்துட்டேன். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வச்சேன், அது எனக்கும் சித்திக்கும் மட்டுந்தான் தெரியும், நான் மறந்துட்டா யாருக்காச்சும் தெரியணுமில்ல. எழுபத்தொம்பது வரைக்கும் வந்துச்சு. பாத்திரம் வாங்கிட்டு வரேன். பேக்கேஜ் ஒண்ணு.

நீங்க சிரிக்காதீங்க, நான் நல்லா விசாரிச்சிட்டேன். சித்தி, நான் போனப்புறம் இங்க யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டேன். யாருமே வரல, நான் அடுக்களையை விட்டு நகரவே இல்லன்னாங்க. பூட்டை உடைக்கல. சாவி சித்தி இடுப்புல இருக்கு. அப்ப என்ன அர்த்தம்? ஹேக்கிங் சார். நெட் கனெக்ஷனே இல்லியே, எப்படின்னு கேப்பீங்க. அங்கதான் அவன் திறமையே இருக்கு.

யாரா? இப்ப வரேன் ஜோயலுக்கு. குன்னூரு. எனக்கு நாலு வருஷப் பழக்கம். அவனும் நம்ம ஆளுதான், ஆனா ரெடிமேடு லினக்ஸ் போடறவன். இதை எல்லாம் எதுக்குடா பண்றே, என் லேப்டாப்ல நாப்பது நிமிஷத்துல முடியும்னு எப்பவும் நக்கல். ரெண்டாவது தடவை போனதும் ஃபோன் பண்ணிச் சொன்னேன், பஸ் ஏறி வந்தான். வந்து எட்டு இட்லி தின்னான். அப்புறம் ரூமுக்குள்ள போயி கீபோர்டைப் பாத்தான். பாத்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சான். டேய், இது என்னடான்னு காட்டினான். கீபோர்டுல அங்கங்க மாவு காஞ்சு ஒட்டியிருக்கு. அண்டா பக்கத்துலயே இருக்கு, சிந்தாதா? எம் மேல கொஞ்சம், ஏ மேல, கே, ஈ, சி, எல், என். கன்ட்ரோல்லயும் ஸ்பேஸ்லயும் தடம். எண்டர் மேல ஒரு கரண்டி அளவு. மத்த கீ எல்லாம் ஏறக்குறைய சுத்தம். மாவு எங்க சிந்தணும்னு அதுகிட்டக் கேட்டா சிந்தும்? அவன் சொல்றான், "டேய் மௌலி, உன் சித்தியக் கேளுடா."

என்ன பேச்சு சார் அது? ஃப்ரெண்டுன்னு வந்து, வயிறு முட்டத் தின்னுட்டு, தின்ன வீட்டுல பழி சொல்றான். எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. வெளிய போடான்னுட்டேன். போனான். அன்னைலருந்து பேச்சு இல்ல. அப்புறம் யோசிச்சேன், இவன் ஏன் அவசரமா வேற ஒருத்தரைக் கை காட்டறான்? மூணாவது தடவை துடைச்சப்ப அவன் குன்னூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தான், ஃபோட்டோ எல்லாம் போட்டிருந்தான். அதான் எனக்குச் சந்தேகமே உறுதியாச்சு. நிரபராதி எதுக்கு அவ்வளவு ஃபோட்டோ போடணும்?

ஆமா, மூணாவது தடவையும் போச்சு. கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம். அப்ப நான் ரூமை விட்டு நகரவே இல்ல சார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அரிசி மூட்டை மேல. பாத்திரம் வாங்கக்கூடப் போகல, வார்டன் மேடமே ஆள் வச்சுக் குடுத்தனுப்பினாங்க. எண்பத்தி ரெண்டு. சித்தி வந்து, கண்ணு, உன் மொகமே வாடிப்போச்சு, போயி ஒரு தலைமுழுக்குப் போட்டுட்டு வா, நான் பாத்துக்கறேன்னாங்க. வெந்நீர் எல்லாம் வெளாவி வச்சிருந்தாங்க, தலைக்குத் தேய்க்க அரப்புத் தூள் எடுத்து வச்சிருந்தாங்க. அந்தப் பாசத்துக்காகப் போனேன். இருபது நிமிஷம். சித்தி அந்த ரூம் வாசல்லயே உக்காந்து காவல் காத்தாங்க சார். அவங்க உக்காந்திருக்கும்போதே நடந்திருக்கு. பாவம், அவங்க கண்ணு முன்னாலயே. அவங்களால நிமிந்து என் மொகத்தைப் பாக்க முடியல.

பெங்களூர் ஓனர் ஃபோன் பண்ணினாரு. தம்பி, மூணு தடவை சொல்லிட்டே, பொங்கலுக்கு அப்புறம் வேற பையனை எடுத்துக்கறேன்னாரு. எங்கப்பா, கத்திரிக்கோல் வாங்கி வச்சிட்டாராம். பிசிறு வெட்ட. புதுக் கத்திரிக்கோல்.

காபி இன்னொண்ணு? சக்கரை கம்மியா? சரி.

நேத்துதான் ஒரு விஷயம் நடந்துச்சு. எண்பத்தி மூணுன்னு சொன்னேன். சித்தி உளுந்த அப்படியே விட்டுட்டு வந்து எதிர்ல உக்காந்தாங்க. முடிஞ்சா நீ பெங்களூர் போயிருவியான்னு கேட்டாங்க. போயிருவேன் சித்தின்னேன். ஒரு வேலைன்னு ஆச்சுன்னா நல்லதுதான் கண்ணுன்னாங்க. கொஞ்ச நேரம் முந்தானையில கையத் துடைச்சுட்டே இருந்தாங்க. கை ஈரமே இல்ல. அப்புறம் கேட்டாங்க.

"பொட்டிய எடுத்துட்டுப் போயிருவேல்ல?"

"பொட்டி எதுக்கு சித்தி? பதினெட்டுக் கிலோ, பஸ்ஸுல எப்படித் தூக்கறது? ரெண்டாவது டிஸ்க்குல காப்பி பண்ணி, அதை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போவேன். இது இங்கயேதான் கெடக்கும்."

"ஓடுமா?"

"அந்தச் சீட்டுல இருக்கற மாதிரி அடிச்சா ஓடும். சும்மா ஓடிட்டே இருக்கும்."

சித்தி என்னையே பாத்தாங்க சார். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன கண்ணு?" அப்படின்னாங்க. கண்ணுல தண்ணி. பதினெட்டுக் கிலோவை நான் தூக்கிட்டுப் போகணுமேன்னு அவங்க எத்தனை நாள் மனசுக்குள்ள வச்சு மறுகியிருக்காங்க பாருங்க.

இன்னைக்குக் காலைல எந்திரிச்சு வந்து பாத்தா, பொட்டிக்குத் திருநீறு பூசி, பொட்டு வச்சு, ஒரு தேங்காயே ஒடைச்சிருக்காங்க. இன்னைக்கு முடிஞ்சிரணும், நீ எங்கயும் போக வேண்டாம், பாத்திரத்தை நானே போயி வாங்கிட்டு வரேன்னு அவங்களே கெளம்பிப் போயிட்டு இப்பத்தான் வந்தாங்க. மூணு தடவை நம்பிக்கை போயும் நாலாவது தடவை தேங்காய் ஒடைக்கிற மனசு யாருக்கு வரும்?

கடைசி பேக்கேஜ், கெர்னல். அதான் சிஸ்டத்துக்கு உசுரு. நேத்துச் சாயங்காலம் ஆரம்பிச்சுது, இப்பவோ அப்பவோ…

என்ன சித்தி? கரண்டியோட ஏன் அங்க நிக்கிறீங்க?

"சத்தம் நின்னுருச்சு கண்ணு."

இருங்க சார். இருங்க, போயிராதீங்க.

சார். எண்பத்தி நாலு. எரர் இல்ல. கீழ ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னு நிக்குது. ரெண்டு மாசம் சார். எனக்குக் கேக்கவே இல்ல பாத்தீங்களா, சித்தி அடுக்களையில தாளிச்சிட்டிருக்காங்க, அந்தச் சத்தத்துக்கு நடுவுல அவங்களுக்குக் கேட்டிருக்கு. டிஸ்க்குக்குக் காப்பி போயிட்டிருக்கு, பத்து நிமிஷம். உங்க பஸ் வரலல்ல? நல்லது. நீங்க இன்னொரு இட்லி சாப்பிடுங்க, என் செலவு.

முடிஞ்சுது. இதாங்க டிஸ்க்கு. துண்டுல சுத்தியிருக்கேன், பச்சைப்புள்ள மாதிரி. கழட்டிட்டுப் பொட்டியைப் போட்டுப் பாத்தேன், நல்லா எந்திரிச்சுது. நான் ரோட்டுக்குப் போயி அந்தக் கரன்ட் கம்பத்துகிட்ட ஓனருக்கு ஒரு ஃபோன் போட்டுட்டு வந்துடறேன், அங்கதான் சிக்னல் கெடைக்கும். சித்தி, ரூமைப் பாத்துக்கங்க.

சார், வரச் சொல்லிட்டாரு. நாளைக்குக் காலைல. மேட்டுப்பாளையம் வரைக்கும் நானும் உங்க பஸ்ஸுலதான் வரேன், சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. அப்பாவுக்குச் சொன்னேன். சரி, அந்தக் கத்திரிக்கோல் உங்கம்மாவுக்கு ஆகும்னாரு. பைய எடுத்துட்டு வந்துடறேன், துணி ரெண்டே ரெண்டு…

சார்.

சார், இங்க கொஞ்சம் வாங்க. மெதுவா வாங்க. சத்தம் கேக்குதுங்களா? ம்ம்ம்ம்னு. ஸ்கிரீனைப் பாருங்க. எண்பத்தி நாலில் ஒண்ணு. நான் ஃபோன் பேசப் போனது எவ்வளவு நேரம், அஞ்சு நிமிஷம்? அதுக்குள்ள துடைச்சு, மறுபடி ஆரம்பிச்சிருக்கான். நல்லவேளை, டிஸ்க் என் பையில இருக்கு. இந்த எம் மேல பாருங்க. மாவு. கைய வச்சுப் பாருங்க, ஈரம். காயவே இல்ல. எண்டர் மேலயும் ஈரம். அப்ப அவன் இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்கான் சார், இங்கதான் எங்கயோ இருக்கான். சாக்கு வேற நல்லா இழுத்து மூடியிருக்கு, உள்ள அண்டாவை வச்சாச்சு, நாளைக்கு மாவு. சித்தி பாவம், தன் வேலையைத் தான் பாத்துட்டிருந்திருக்காங்க.

சித்தி, இங்க யாராச்சும் வந்தாங்களா?

"யாரும் வரல கண்ணு. நான் மட்டுந்தான் இருந்தேன்."

கேட்டீங்களா சார்? யாருமே வரலியாம். இனி நானும் இருக்க மாட்டேன். சித்தி, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், யாரையும் உள்ள விட்டுராதீங்க. அந்த ஜோயல் வந்தா இட்லி மட்டும் குடுத்து அனுப்பிருங்க.